ஒட்டுத் தக்காளியும் வேர் முடிச்சும்: நாற்றுக்கு முன்பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

பறிப்பு முடிந்த தக்காளிச் செடியைப் பிடுங்கினால் வேர் இஞ்சிக் கிழங்கு மாதிரி முண்டும் முடிச்சுமாக வருகிறது. மண்ணில் வாழும் நூற்புழு என்ற நுண்புழுவின் வேலை அது. அடுத்த போகத்துக்கு ஒட்டுச்செடி, அதாவது புழுவைத் தாங்கும் வேர்ச்செடியின் மேல் நம் ரகத்தின் தண்டை (மேல்செடியை) ஒட்டிய நாற்று, வைத்தால் என்ன என்ற எண்ணம் அங்கேயே வந்துவிடும். நாற்றுப் பண்ணையில் விசாரித்தால், "நூற்புழுவுக்குத் தாங்கற வேருங்க" என்று ஒரே வரியில் சொல்லி முடிப்பார்கள். அது பொய்யல்ல. ஆனால் உங்கள் மண்ணில் இருப்பது எந்த இனப் புழு, மண் எத்தனை டிகிரி சூடாகிறது, அதே வேரை எத்தனை போகமாக வைக்கிறீர்கள், ஒட்டு மண்ணுக்கு மேலே நிற்கிறதா என்பதையெல்லாம் பொறுத்துத்தான் அந்த வரி உண்மையாகும். ஒன்று பிசகினாலும், சாதா நாற்றைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய செடி சாதா நாற்றைப் போலவே முடிச்சு விழுந்து நிற்கும்.

எதிர்ப்பு என்பது எதை?

இன்று சந்தையில் இருக்கும் தக்காளி வேர்ச்செடிகளின் நூற்புழு எதிர்ப்பு ஏறக்குறைய முழுவதும் ஒரே மரபணுவிலிருந்து வந்தது. அதன் பெயர் எம்ஐ. தென் அமெரிக்கக் காட்டுத் தக்காளியான சோலானம் பெருவியானத்தில் இருந்த குணம் அது. அந்தக் காட்டுச் செடியை நம் தக்காளியோடு கலந்தால் விதை முற்றாது. 1940-களில் கலிஃபோர்னியாவில் முற்றாத கருவை மட்டும் பிரித்தெடுத்து ஊடகத்தில் வளர்த்து, ஒரே ஒரு கலப்புச் செடியைக் காப்பாற்றினார்கள். எம்ஐ உள்ள இன்றைய ரகங்களெல்லாம் அந்த ஒரு செடியின் வம்சம். ஒரே மரபணுவை நம்பி உலகமே பயிர் செய்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் சிக்கல்கள் சுலபமாகப் புரியும்.

முட்டையிலிருந்து வரும் இளம்புழு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. வேர் நுனிக்குச் சற்றுப் பின்னால் நுழைந்து, செல்களுக்கு இடையே ஊர்ந்து, நீரும் சத்தும் ஓடும் நடுக்குழாய்ப் பகுதிக்குப் போய் உட்காரும். அங்கே சில செல்களைப் பெரிதாக்கித் தனக்குச் சோற்றுப் பானை ஆக்கிக்கொள்ளும். சுற்றியுள்ள திசு வீங்குவதுதான் நாம் பார்க்கும் முடிச்சு. பெண் புழு பேரிக்காய் வடிவில் உப்பி, பசை போன்ற பைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். மண் 27 டிகிரி அளவில் இருந்தால் 25 முதல் 30 நாளில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். ஐந்து மாதப் பயிரில் நான்கைந்து தலைமுறை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எம்ஐ உள்ள வேரிலும் புழு நுழையத்தான் செய்யும். அது உட்கார்ந்து தின்னத் தொடங்கியதும் சுற்றியுள்ள செல்கள் ஒரு நாளுக்குள் தாமாகவே செத்துவிடும். சோறு கிடைக்காமல் புழு பட்டினியில் சாகும், அல்லது வெளியேறும். இதனால் செடிக்கும் சின்னச் சின்னக் காயம் உண்டு. மண்ணில் புழு மிதமாக இருந்தால் அந்தக் காயம் கணக்கில் வராது. அளவு மீறி இருந்தால், நட்ட முதல் மூன்று வாரத்தில் ஆயிரக்கணக்கில் நுழையும்போது, முடிச்சே இல்லாமல் செடி சோர்ந்து நிற்கும். "எதிர்ப்புச் செடிதானே, ஏன் தேங்குது?" என்று கேட்பவர்களின் காட்டில் பெரும்பாலும் நடப்பது இதுதான். நிலத்தைத் தயார் செய்யும் வேலையிலிருந்து ஒட்டுச்செடி விடுதலை தராது.

விதைப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். ஐ.ஆர். என்று போட்டு எம்.ஏ., எம்.ஐ., எம்.ஜே. என்ற எழுத்துகள் வரும். எம்.ஏ. என்றதும் பட்டம் என்று நினைத்துவிடாதீர்கள்; அவை மூன்று புழு இனங்கள். மெலாய்டோகைன் அரினேரியா, மெலாய்டோகைன் இன்காக்னிட்டா, மெலாய்டோகைன் ஜவானிக்கா. மரபணுவின் பெயரும் எம்ஐ, இன்காக்னிட்டாவின் சுருக்கமும் எம்ஐ என்பதால் குழப்பம் வரும். பாக்கெட்டில் இருப்பது புழுவின் பெயர். ஐ.ஆர். என்பது இடைநிலை எதிர்ப்பு, ஹெச்.ஆர். என்றால்தான் உயர் எதிர்ப்பு. நூற்புழுவுக்குப் பெரும்பாலும் ஐ.ஆர். என்றே போடுவார்கள். நேர்மையான விதைக்காரர் அப்படித்தான் போட வேண்டும். அதாவது கொஞ்சம் முடிச்சு விழலாம், அழுத்தம் கூடினால் இன்னும் விழலாம் என்று அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

பட்டியலில் இல்லாத புழு

அந்த மூன்றெழுத்துப் பட்டியலில் இல்லாத இரண்டு இனங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. ஒன்று மெலாய்டோகைன் ஹாப்லா. குளிர்ப் பிரதேசத்துப் புழு. நீலகிரி மாதிரியான மலைக் காய்கறிக்காரர்களின் கவலை. சமவெளித் தக்காளிக்காரர் இதை மறந்துவிடலாம்.

மற்றொன்றை மறக்கக் கூடாது. மெலாய்டோகைன் என்டரோலோபி. இந்தியாவில் இது முதலில் பதிவானதே திண்டுக்கல் மாவட்டம் ஆயக்குடிப் பக்கத்துக் கொய்யாத் தோப்புகளில்தான். கொய்யா மரம் இலை பழுத்து, கிளை காய்ந்து, வேர் முழுக்க முடிச்சோடு பட்டுப்போவதை அந்தப் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். எம்ஐ மரபணு இந்தப் புழுவை ஒன்றும் செய்யாது. ஆயக்குடியிலிருந்து ஒட்டன்சத்திரம் தக்காளிச் சந்தை எவ்வளவு தூரம் என்று யோசித்தாலே விஷயம் விளங்கும். பட்டுப்போன கொய்யாவை வெட்டிவிட்டு அந்த நிலத்தில் தக்காளி போடுவது சகஜம். அங்கே எம்ஐ வேர்ச்செடி வைத்தால் காசு மண்ணோடு போயிற்று. கொய்யாக் கன்று வழியாகவே இந்தப் புழு பரவுகிறது என்பதால், வெளியூரிலிருந்து கன்று வாங்கி வைத்த எந்தத் தோட்டத்துக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

என்டரோலோபி முடிச்சுகள் பெரிதாக, ஒன்றோடொன்று சேர்ந்து தடித்திருக்கும் என்பார்கள். கண்ணால் பார்த்து இனம் சொல்லும் அளவுக்கு அது நம்பகமான அடையாளம் அல்ல. ஆய்வகத்தில் பெண் புழுவின் பின்பக்க ரேகையைப் பார்த்தோ மூலக்கூறு சோதனையிலோ சொல்லலாம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் நூற்புழுவியல் துறையே இருக்கிறது. மாதிரி எடுக்கும்போது செடி வாடிய இடத்தின் நடுவில் எடுக்காதீர்கள். அங்கே வேர் அழுகிப் புழு இடம் பெயர்ந்திருக்கும். வாடலின் ஓரத்தில், அரைகுறையாக நிற்கும் செடிகளின் வேரடியில், 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில், ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்துக் கலந்து, கால் கிலோ மண்ணும் ஒரு பிடி சல்லி வேரும் பாலித்தீன் பையில் கட்டுங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அந்தப் பையை வைத்தால் புழு வெந்துவிடும். "புழு இல்லை" என்று முடிவு வந்து ஏமாற்றும்.

நாற்பது நாள் தொட்டிச் சோதனை

இனத்தின் பெயர் தெரிவது நல்லது. அதைவிடப் பயனுள்ள கேள்வி, நான் வாங்கப் போகும் வேர்ச்செடி என் மண்ணில் தாங்குமா என்பதுதான். அதற்கு ஆய்வகம் வேண்டாம்.

மேலே சொன்னபடி எடுத்த மண்ணைப் பத்துக் கிலோ அளவுக்குச் சேருங்கள். சலிக்கவோ காயவைக்கவோ வேண்டாம். ஒரு கிலோ பிடிக்கும் பை எட்டு. நான்கில் பி.கே.எம்.1 தக்காளி நாற்று. பெரியகுளத்து ரகம், நூற்புழுவுக்கு நன்றாக இடம் கொடுக்கும். மற்ற நான்கில் ஒட்டுக் கட்டாத வெறும் வேர்ச்செடி நாற்று. பண்ணையில் கேட்டால் நாலைந்து நாற்றுத் தருவார்கள். தர மறுக்கும் பண்ணையில் ஆயிரக்கணக்கில் ஏன் வாங்க வேண்டும்? 25 நாள் வயது நாற்றை நட்டு, மர நிழலில் காலை வெயில் மட்டும் படும்படி வையுங்கள். பை சூடாகக் கூடாது. சூடானால் சோதனையே தவறாகும். காரணம் அடுத்து வருகிறது. ஐப்பசியிலிருந்து தை வரை இந்தச் சோதனைக்கு ஏற்ற காலம்.

40-ஆம் நாள் பையைக் கிழித்து, வேர்ப்பந்தை வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். செடியைப் பிடித்து இழுத்தால் முடிச்சுள்ள சல்லி வேரெல்லாம் மண்ணிலேயே தங்கிவிடும். தண்ணீரிலேயே அலசி எடுத்து, வெள்ளைத் தட்டில் விரித்து எண்ணுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ் இருந்தால் முடிச்சின் மேல் குண்டூசித் தலையைவிடச் சிறிய பழுப்புப் பசை உருண்டைகள் தெரியும். அவைதான் முட்டைப் பைகள். பழைய, நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது. முடிச்சே இல்லை என்றால் 0. ஒன்றிரண்டு என்றால் 1. 3 முதல் 10 வரை 2. 11 முதல் 30 வரை 3. 31 முதல் 100 வரை 4. நூறுக்கு மேல் 5.

பி.கே.எம்.1-ல் 4 அல்லது 5, வேர்ச்செடியில் 0 அல்லது 1 என்றால் தாராளமாக வாங்குங்கள். இரண்டிலும் 4, 5 என்றால் மண்ணில் இருப்பது என்டரோலோபி, இல்லையென்றால் எம்ஐ-யை மீறப் பழகிய வேறு புழு. எதுவானாலும் அந்த வேர்ச்செடி உங்களுக்கு உதவாது. இரண்டிலும் 0, 1 என்றால் உங்கள் காட்டுப் பிரச்சினை நூற்புழு அல்ல. ஒட்டுச்செடிக்குச் செலவழிக்க இந்தக் காரணம் போதாது. வேர்ச்செடியில் ஐந்தாறு சிறு முடிச்சு, ஆனால் முட்டைப் பை இல்லை என்றால் அது பரவாயில்லை. கலப்பின வேர்ச்செடிகளில் எம்ஐ பெரும்பாலும் ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வருவதால் இவ்வளவு கசிவு இருக்கும். நான்கு வேர்ச்செடியில் ஒன்று மட்டும் 5 காட்டி மற்றவை சுத்தமாக இருந்தால் விதைக் கலப்பு. பண்ணைக்காரரிடம் அந்த வேரை எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

28 டிகிரி

எம்ஐ மரபணுவின் பெரிய பலவீனம் சூடு. மண் வெப்பம் 28 டிகிரிக்கு மேல் நீடித்தால் எதிர்ப்புத் தளரும். 32, 33 டிகிரியில் நிலைத்தால் அந்த வேர் சாதா வேர்தான். 1969-லேயே இதைச் சோதனையில் காட்டிவிட்டார்கள். ஹாலந்துக் கண்ணாடிக் குடிலுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. நமக்கு இதுதான் முதல் கேள்வி.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பகலில் இரண்டு மூன்று மணி நேரம் 28-ஐத் தாண்டி இரவில் நன்றாக இறங்கினால் எதிர்ப்பு பெருமளவு நிற்கும். இரவும் பகலும் சேர்ந்து சூடாகவே இருப்பதுதான் கெடுக்கும். ஆகவே காற்று வெப்பத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மண்ணில் செருகும் வெப்பமானி ஒன்று வாங்கி, செடியின் வேரடியில் 10 செ.மீ. ஆழத்தில் பிற்பகல் 3 மணிக்கும் விடிகாலையிலும் பாருங்கள். விடிகாலையிலேயே 28 காட்டினால் அந்த மாதம் எம்ஐ-யை நம்ப வேண்டாம்.

ஆடி, ஆவணியில் நட்ட பயிருக்கு மண் போகப்போகக் குளிரும். எம்ஐ-க்கு மிக உகந்த பட்டம். தைப் பட்டத்தில் தொடக்கம் நன்றாக இருக்கும். பங்குனி, சித்திரையில் சூடேறும்போது செடி வளர்ந்து இலையே வேரடியை மூடியிருக்கும் என்பதால் ஓரளவு தப்பிக்கும். கடைசிப் பறிப்புகளில் முடிச்சு தெரியும். பங்குனி, சித்திரையில் நடுவதுதான் வீண் செலவு. வெறும் மண், சின்ன நாற்று, பொசுக்கும் வெயில் என்று மூன்றும் சேர்ந்துகொள்ளும்.

ஓசூர்ப் பக்கம் உயரம் காரணமாக மண் குளிர்ச்சி என்பது உண்மை. ஆனால் அங்கேயே மூடிய பாலிஹவுஸுக்குள் கோடையில் வெப்பமானியைச் செருகிப் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

மல்ச்சிங் ஷீட் வாங்கும்போது மேல்பக்கம் வெள்ளி, கீழ்ப்பக்கம் கறுப்பு உள்ளதைப் போடுங்கள். முழுக் கறுப்பு, மண்ணை அடுப்பாக்கும். நட்ட துளை விட்டம் 8 செ.மீ.க்குள் இருக்கட்டும். உள்ளேயிருக்கும் சூடான காற்று துளை வழியாகத் தண்டையொட்டி மேலே வந்தால் ஒட்டுப் பகுதி வாடும். ஷீட் போடாதவர்கள் வைக்கோலோ கரும்புத் தோகையோ நான்கு விரல் கனத்துக்குப் பரப்பலாம். சூட்டைக் குறைப்பதில் அதற்கு ஈடு எதுவும் இல்லை. சொட்டுநீர்க் குழாய் வெயிலில் கிடந்தால் அதில் தேங்கிய தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். மதியம் மோட்டாரைப் போட்டால் முதலில் வேருக்குப் போவது அந்தச் சுடுதண்ணீர்தான். குழாயை ஷீட்டுக்கு அடியில் ஓட்டுங்கள், அல்லது காலையில் 8 மணிக்குள் பாய்ச்சி முடியுங்கள்.

எந்த வேர்?

தக்காளியும் சோலானம் ஹாப்ரோகைட்டிஸ் என்ற காட்டுத் தக்காளியும் கலந்த வீரிய வேர்ச்செடிகள் ஒரு வகை. மேக்சிஃபோர்ட், பியூஃபோர்ட் மாதிரியானவை. எம்ஐ உண்டு, வளர்ச்சி அபாரம். ஆனால் பாக்டீரியா வாடலைத் தாங்காது. முதல் மாதம் வழக்கமான தழைச்சத்தே கொடுத்தால் இலையும் தண்டுமாகக் கொழித்துப் பூ தள்ளிப்போகும். முதல் கொத்து பிஞ்சு பிடிக்கும்வரை தழைச்சத்தைக் கட்டுப்படுத்தியே கொடுக்க வேண்டும். ஒரு செடியில் இரண்டு தண்டு விட்டு வளர்த்து, செடி எண்ணிக்கையைக் குறைத்தால்தான் இந்த வகையின் விலைக்குக் கணக்கு ஒத்துவரும்.

ஹவாய் 7996 என்ற பெயர் அடிக்கடி காதில் விழும். அது பாக்டீரியா வாடலுக்குப் பேர்போன தக்காளி. நூற்புழுவுக்காக அதை வாங்காதீர்கள்.

கத்தரி வேரில் தக்காளி ஒட்டுவது இன்னொரு வழி. தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் ஈ.ஜி.203 போன்ற கத்தரி வரிசைகளைப் பாக்டீரியா வாடல், நீர் தேங்கல், வேர் முடிச்சு மூன்றுக்கும் சேர்த்துச் சிபாரிசு செய்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் களிமண்ணுக்கு இது நல்ல தேர்வு. இந்த எதிர்ப்பு எம்ஐ மரபணுவால் வருவது அல்ல என்பதால், எம்ஐ தோற்ற மண்ணில் தொட்டிச் சோதனைக்கு எடுத்துப் பார்க்க வேண்டிய முதல் வேரும் இதுதான். ஒரு குறையும் உண்டு. வறட்சியான கோடையில் தக்காளி கேட்கும் அளவுக்குக் கத்தரி வேர் தண்ணீர் இழுத்துக் கொடுக்காது. காயின் அடி கறுத்து அழுகும் சுண்ணாம்புச்சத்துக் குறை அப்போது எட்டிப் பார்க்கும்.

சுண்டைக்காய் வேர் கத்தரிக்கு அருமையான வேர். அதைப் பார்த்துவிட்டுத் தக்காளியையும் அதில் ஒட்டலாமே என்று பலர் இறங்குகிறார்கள். ஒட்டு பிடிக்கும், ஒரு மாதம் நன்றாகவும் இருக்கும். பிறகு தக்காளித் தண்டு பருத்து, சுண்டைத் தண்டு மெலிந்து, ஒட்டில் குடம் கவிழ்த்த மாதிரி வீக்கம் வரும். காய்ப்பாரம் ஏறும் நேரத்தில் செடி மதியம் சோரும். எங்கள் தீர்ப்பு: சுண்டையைக் கத்தரிக்கு விட்டுவிடுங்கள்.

ஒட்டே கட்டாமல் முடிக்க முடியுமா என்பதையும் பாருங்கள். ஹிசார் லலித், பி.என்.ஆர்.7, பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா வர்தன் ஆகிய தக்காளி ரகங்கள் நேரடியாகவே நூற்புழு எதிர்ப்பு உள்ளவை. தனியார் கலப்பினங்களிலும் பாக்கெட்டில் 'என்' என்ற எழுத்தோ எம்.ஐ., எம்.ஜே. என்ற எழுத்தோ இருந்தால் எம்ஐ உள்ளேயே இருக்கிறது. அதை இன்னொரு எம்ஐ வேரில் ஒட்டுவதால் நூற்புழுக் கணக்கில் லாபம் இல்லை. மும்முனை எதிர்ப்பு என்று பெயர் வாங்கிய அர்கா ரக்‌ஷக்கின் அந்த மூன்று, இலைச்சுருள் நச்சுயிரி, பாக்டீரியா வாடல், முன் இலைக்கருகல். நூற்புழு அந்தக் கணக்கில் இல்லை. மேல்செடியில் உள்ள எம்ஐ, எதிர்ப்பில்லாத வேருக்கு இறங்கி வேலை செய்யாது என்பதும் நினைவிருக்கட்டும்.

தக்காளியைத் தக்காளி வேரில் ஒட்டும்போது கவனிக்காமல் விடுவது ஒன்று: தக்காளி தேமல் நச்சுயிரி எதிர்ப்பு. அது மேலும் கீழும் ஒத்திருக்க வேண்டும். வேரில் அந்த எதிர்ப்பு இருந்து மேலே இல்லையென்றால், நச்சுயிரி வந்த நாளில் ஒட்டு இடத்தில் திசு செத்து, செடி மொத்தமாகச் சாயும். பாக்கெட்டில் டி.ஓ.எம்.வி. என்று இரண்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒட்டும் வெட்டும்

வீரிய வேர்ச்செடி முளைக்க ஒன்றிரண்டு நாள் கூடுதலாக எடுக்கும்; கத்தரி இன்னும் தாமதம். அதற்கேற்ப வேர்ச்செடியை முந்தி விதையுங்கள். எப்போதும் இரண்டையும் 20 விதை வைத்து முளைக்கும் வேகத்தை முதலில் பார்த்துவிடுவது நல்லது. தண்டு இரண்டும் ஒரே கனத்தில், சுமார் 2 மி.மீ. வரும்போது, இரண்டு மூன்று நிஜ இலை விட்டிருக்கும். அதுதான் ஒட்டும் நாள். முந்தைய மாலையோடு தண்ணீரை நிறுத்திவிடுங்கள். தண்ணீர் குடித்த வேர்ச்செடி வெட்டியதும் சாறு பொங்கி ஒட்டைத் தள்ளும்.

வேர்ச்செடியை விதையிலைக்குக் கீழே வெட்ட வேண்டும். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. விதையிலைக்கு மேலே வெட்டினால் பிடிப்பு விகிதம் கூடும் என்று சில பண்ணைகள் அப்படிச் செய்வதுண்டு. ஆனால் விதையிலைக் கணுவிலிருந்து வேர்ச்செடித் தளிர் போகம் முழுக்கக் கிளம்பிக்கொண்டே இருக்கும். ஆள் விட்டுக் கிள்ளத் தவறினால் பயனற்ற காட்டுக் காய்ச் செடியை உரம் போட்டு வளர்ப்பீர்கள். நாற்று வாங்கும்போது ஒட்டுக்குக் கீழே விதையிலையோ அதன் தழும்போ இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள்.

புது பிளேடு, 45 டிகிரிச் சாய்வு, ஒரே இழுப்பு. மேல்செடியிலும் அதே சாய்வு. சிலிக்கான் கிளிப்பில் இரண்டு முகமும் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். நூறு செடிக்கு ஒரு முறை பிளேடை மாற்றுங்கள். கையையும் பிளேடையும் ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

பிறகு ஆறவைக்கும் கூடாரம். முதல் மூன்று நாள் இருட்டு, ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல், வெப்பம் 25 முதல் 28 டிகிரி. கூடாரத்தின் தரையும் சுவரும் நனைந்திருக்கட்டும். ஒட்டின் மேல் நேராகத் தெளித்தால் அழுகும். நான்காம் நாளிலிருந்து தினம் காலையில் சிறிது நேரம் திறந்து, நேரத்தைக் கூட்டிக்கொண்டே போய், எட்டாம் நாளில் நிழல்வலைக்கு மாற்றலாம். திறந்ததும் இலை சோர்ந்தால் மூடிவிட்டு மறுநாள் பாருங்கள். தோல்விகளில் பெரும்பங்கு வெட்டில் வருவதில்லை. ஐந்தாம் ஆறாம் நாளில் பொறுமையிழந்து திறந்துவிடுவதில்தான் வருகிறது.

காட்டில்

நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே குறைந்தது மூன்று விரல் உயரத்தில் நிற்க வேண்டும். சாதா தக்காளியைத் தண்டு புதையும்படி ஆழமாக நட்டுப் பழகிய ஆட்கள் பழக்க தோஷத்தில் ஒட்டைப் புதைத்துவிடுவார்கள். நடவு ஆள் வரும் காலையில் ஒரு செடியை நட்டுக் காட்டிவிட்டுத்தான் வேலையை விட வேண்டும். 30-ஆம் நாள் மண் அணைப்பதும் ஒட்டுத் தக்காளிக்குக் கூடாது.

காரணம் எளிது. தக்காளித் தண்டு மண்ணைத் தொட்ட இடத்திலெல்லாம் வேர்விடும். ஒட்டுக்கு மேலிருந்து இறங்கும் வேர் மேல்செடியின் வேர், எதிர்ப்பு இல்லாத வேர். அப்படி ஆன செடி ஒன்றைக் கழுவி விரித்தால் பாடமே கண்ணெதிரே இருக்கும்: கீழ்ப்பாதியில் வெள்ளையாக, நேராக ஓடும் சுத்தமான வேர், ஒட்டுக்கு மேலே இருந்து இறங்கியதில் மட்டும் உருத்திராட்ச மாலை மாதிரி முடிச்சு. இதைப் பார்க்காமல் "ஒட்டுச்செடியும் புழு பிடிச்சிருச்சு" என்று முடிவு கட்டுவது வழக்கம். குச்சி நட்டுக் கட்டாமல் தரையில் படரவிடும் காடுகளுக்கு ஒட்டுத் தக்காளி ஏற்றதல்ல என்று சொல்வதும் இதனால்தான்.

நிலத் தயாரிப்பில் மலிவானதும் நம்பகமானதும் சித்திரை, வைகாசி வெயில். நிலத்தைப் புழுதியாக உழுது, நன்றாக நனைத்து, 25 மைக்ரான் நிறமற்ற பாலித்தீன் தாளை இறுக்கமாக விரித்து, ஓரம் முழுக்க மண் போட்டு 4 முதல் 6 வாரம் விடுங்கள். காய்ந்த மண்ணில் விரித்தால் சூடு கீழே இறங்காது. அதன்பின் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு, கூடவே பர்பியூரியோசிலியம் பூஞ்சையும் சூடோமோனாஸ் பாக்டீரியாவும் தலா 2 கிலோ கலந்து 15 நாள் ஈரத்தோடு நிழலில் ஊறவைத்த ஒரு டன் மக்கிய தொழுவுரம். எருவை ஊறவைக்காமல் பொட்டலத்தைப் பிரித்து நேராகக் காட்டில் தூவுவது பூஞ்சையை வெயிலுக்குப் பலி கொடுப்பதுதான்.

கடைசிப் பறிப்பு முடிந்ததும் செடியை அறுத்துவிட்டு வேரை மண்ணில் விடாதீர்கள். மண்வெட்டியால் தோண்டி, காட்டுக்குள் அங்கங்கே இருபது செடியின் வேரைக் கழுவி அதே 0 முதல் 5 அளவில் எழுதி வையுங்கள். சராசரி 1-க்குள் இருந்தால் வேர் தன் வேலையைச் செய்திருக்கிறது. மண்ணில் புழுவும் கணிசமாகக் குறைந்திருக்கும். அதனால்தான் குடில்களில் எதிர்ப்புத் தக்காளிக்கு அடுத்த பயிராக வெள்ளரி வைக்கிறார்கள்; நூற்புழுவிடம் தோற்கும் வெள்ளரி அந்த ஒரு போகம் தப்பித்துக்கொள்ளும். சராசரி 2-ஐத் தாண்டினால், அதுவும் குளிர்ந்த பட்டத்திலேயே தாண்டினால், எம்ஐ-யை மீறும் புழு பெருகத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஸ்பெயின் குடில்களில் எம்ஐ வேரை விடாமல் ஆண்டுக்கணக்கில் வைத்ததில் இதுதான் நேர்ந்தது. எதிர்ப்பில்லாத தக்காளி வைத்த காலத்தில் சிறுபான்மையாக இருந்த, எம்ஐ-யை மீறும் புழு, மற்றவை செத்துப்போனதும் மொத்த இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

அந்த நிலைக்கு வந்துவிட்டால் அடுத்த போகம் வேறொரு எம்ஐ வேருக்கு மாறுவதில் பயனில்லை. பெயர்தான் வேறு, மரபணு அதேதான். சணப்பையை அடர்த்தியாக விதைத்து 50, 60 நாளில் பூக்கும் முன் மடக்கி உழுவதோ, செண்டுமல்லியைத் தனிப் பயிராக மூன்று மாதம் வைப்பதோதான் வழி. தக்காளிப் பாரின் ஓரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நட்ட செண்டுமல்லி பூவுக்கு உதவும்; அதன் வேர் போகாத மண்ணில் இருக்கும் புழுவுக்கு அதைப் பற்றித் தெரியாது. தண்ணீர் வசதியுள்ள வயலென்றால் ஒரு போகம் சேற்று நெல் இரண்டையும்விட மேல். அதற்குப் பிறகு, எம்ஐ வேருக்குத் திரும்பும் முன், மறுபடியும் எட்டுப் பையில் மண் எடுத்து நாற்பது நாள் வைத்துப் பாருங்கள்.